வாத்துக்குஞ்சுக்கு 20 சதவீதப் புரதம் கொடுத்தும் நியாசின் குறைவது ஏன்?

வயல்வாத்து எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளைப் பீக்கின் இன வாத்துக்குஞ்சுகள் வாங்கி வளர்க்கிறேன். வாத்துக்கென்று தனித் தீவனம் எங்கள் பக்கம் கிடைப்பதில்லை. அதனால் பிராய்லர் ஸ்டார்ட்டர்தான் (கறிக்கோழிக் குஞ்சுக்கான முதல் தீவனம்) வாங்கினேன், அதோடு குருணையும் கொஞ்சம் மக்காச்சோளமும் அரைத்துக் கலக்கிறேன். குஞ்சுகள் நன்றாகத் தின்கின்றன. ஆனால் சில குஞ்சுகளுக்குக் கால் வெளிப்பக்கம் வளைந்து, கணு மூட்டு தடித்துத் தெரிகிறது. தண்ணீர்த் தட்டு வரை நடந்து வரும், உடனே உட்கார்ந்துவிடும். எழுப்பிவிட்டால் இறக்கையை விரித்து ஊன்றிக்கொண்டு நகர்கிறது.

மருந்துக் கடையில் கேட்டபோது "நியாசின் குறைபாடு" என்றார்கள். அது பி3 வைட்டமினாம். எனக்கு அங்கேதான் குழப்பம். டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடம்பே நியாசினைச் செய்துகொள்ளும் என்று படித்திருக்கிறேன். மூட்டையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் என்று அச்சிட்டிருக்கிறது. புரதம் இருந்தால் டிரிப்டோபான் இருக்கும், டிரிப்டோபான் இருந்தால் நியாசின் வரும். அப்புறம் குறைபாடு எப்படி?

கால்நடை_இறுதியாண்டு எழுதியது:

அண்ணா, முதலில் வைத்தியம், அப்புறம் விளக்கம். நீங்கள் சொல்லும் அறிகுறி நியாசினுக்குப் பொருந்துகிறது. ஆனால் மாங்கனீசு, கோலின், வைட்டமின் டி குறைந்தாலும் கால் கெடும், வழுக்கும் தரையிலும் கெடும். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தால் எடுத்துவிட்டு உமியோ வைக்கோலோ போடுங்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் ஒரு குஞ்சைக் காட்டி, நியாசின் அளவைக் கேட்டுத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) தூள் கிடைத்தால் தீவனத்தில் தூவலாம். சீக்கிரம் ஆரம்பித்தால் தேறும். எலும்பு வளைந்தபடி முற்றிவிட்டால் திரும்ப நேராவது கஷ்டம்.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994-இல் வெளியிட்ட கோழியினத் தேவை அட்டவணைதான் எங்களுக்குப் பாடம். அதில் பிராய்லர் குஞ்சுக்குக் கிலோ தீவனத்துக்கு 35 மில்லிகிராம் நியாசின். பீக்கின் வாத்துக்கு 55. நீங்கள் வாங்கிய மூட்டை கோழியின் கணக்குக்குக் கலந்தது. அதிலும் குருணையைச் சேர்த்து இன்னும் நீர்த்துவிடுகிறீர்கள்.

வயல்வாத்து எழுதியது:

நன்றி தம்பி. நாளைக்கே காட்டுகிறேன். 35, 55 புரிகிறது. ஆனால் வாத்துக்கு மட்டும் ஏன் அவ்வளவு? இரண்டும் பறவைதானே. டிரிப்டோபான் விஷயத்தை யாராவது விளக்கினால் நல்லது.

உயிர்வேதி_ஆசிரியர் எழுதியது:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரிப்டோபான் குடலிலிருந்து இரத்தத்துக்கு வந்ததும் அதற்கு முதல் உரிமை புரதக் கட்டுமானத்துக்கு. வளரும் குஞ்சு தசை கட்டுகிறது, இறகு முளைக்கிறது. மற்ற அமினோ அமிலங்களோடு ஒப்பிட்டால் டிரிப்டோபான் உணவிலேயே மிகக் குறைவாக இருப்பது. ஆகவே வேகமாக வளரும் உடம்பில் பெரும்பகுதி இந்தக் கட்டுமானத்திலேயே தீர்ந்துவிடும். சிறு பங்கு செரட்டோனின், மெலட்டோனின் பக்கம் போகும். மிச்சம்தான் கல்லீரலில் உடைக்கப்படுகிறது.

அந்த உடைப்பின் முதல் படியில் வளையம் திறக்கிறது. பிறகு கைனுரெனின் என்ற சேர்மம் உருவாகிறது. அதற்குப் பின் வரும் இரண்டு படிகளைக் கவனியுங்கள்: ஒன்றின் நொதிக்கு ரைபோஃபிளேவின், அதாவது பி2 தேவை, அடுத்ததன் நொதிக்கு பைரிடாக்சின், பி6 தேவை. ஒரு வைட்டமின் பிறக்க வேறு இரண்டு வைட்டமின்கள் கூட இருக்க வேண்டும். காசநோய்க்கு ஐசோநயாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு, கூடவே பி6 கொடுக்காவிட்டால், சிலருக்கு பெல்லாக்ரா என்ற நியாசின் குறைபாட்டு நோய் வருவது இந்த இடத்தில் வழி தடைப்படுவதால்தான்.

இப்போது முக்கியமான முனை. அந்தப் பாதையில் ஏசிஎம்எஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நிலையற்ற சேர்மம் வருகிறது. அதன் முழுப் பெயர் ஒரு வரி நீளம், விட்டுவிடுவோம். அதற்கு இரண்டு கதி உண்டு. சும்மா விட்டால், எந்த நொதியின் உதவியும் இல்லாமல் தானாகவே வளைந்து மூடிக் குயினோலினிக் அமிலமாகிவிடும். அதிலிருந்துதான் என்ஏடி என்ற துணைநொதி கிடைக்கிறது. நியாசின் உடம்பில் செய்யும் வேலை எல்லாம் என்ஏடியாக மாறித்தான். இன்னொரு பக்கம் பிகோலினிக் கார்பாக்சிலேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. அது ஏசிஎம்எஸ்ஸைப் பிடித்து வேறு வழியில் தள்ளிவிடும். அந்த வழியில் போனால் எரிந்து ஆற்றலாகும், அவ்வளவுதான், வைட்டமின் கிடையாது.

வாய்க்காலில் ஒரு மதகு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மதகு சின்னதாக இருந்தால், தண்ணீர் அதிகமாக வரும்போது கொஞ்சம் வழிந்து அடுத்த வயலுக்கும் பாயும். மதகு அகலமாக இருந்தால் எவ்வளவு வந்தாலும் அதன் வழியே ஓடிவிடும். எலியிலும் மனிதனிலும் அந்த நொதி அளவோடு இருக்கிறது. அதனால் வழிகிறது, நியாசின் கிடைக்கிறது. மனிதனுக்கு ஏறக்குறைய 60 மில்லிகிராம் டிரிப்டோபானுக்கு 1 மில்லிகிராம் நியாசின் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வாத்தின் கல்லீரலில் இந்த நொதியின் வேகம் கோழியைவிட மிக அதிகம். ஒரே அளவு நியாசின் கிடைக்க வாத்துக்கு, கோழியைப்போல மூன்று நான்கு மடங்கு டிரிப்டோபான் வேண்டியிருக்கிறது. பூனையில் இந்த நொதி இன்னும் தீவிரம்; அங்கே ஏறக்குறைய ஒன்றுமே வழிவதில்லை.

ஆக, அமினோ அமிலம் தட்டில் இருப்பது ஒரு செய்தி. அது எந்த விலங்கின் தட்டில் இருக்கிறது என்பது வேறு செய்தி.

தீவனக்_கலவை எழுதியது:

சார் சொன்னதற்குத் தீவன ஆலையின் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் கலப்பது பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். மக்காச்சோளத்தில் டிரிப்டோபான் 0.06, 0.07 சதவீதம் அளவில்தான். சோயாவில் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. இரண்டும் சேர்ந்து பிராய்லர் ஸ்டார்ட்டரில் 0.2 சதவீதம் பக்கம் வரும். பிராய்லரின் டிரிப்டோபான் தேவையே 0.20 என்றுதான் அதே 1994 அட்டவணை சொல்கிறது. பீக்கின் குஞ்சுக்கு 0.23. மிச்சம் எங்கே இருக்கிறது, நியாசினாக மாற?

இன்னொரு விஷயம். முன்பெல்லாம் மெத்தியோனின், லைசின் என்ற அமினோ அமிலங்களின் தேவையைப் பிடிக்க சோயாவை அதிகமாகப் போடுவோம். கூடவே டிரிப்டோபானும் உபரியாக வரும். இப்போது டிஎல்-மெத்தியோனின், எல்-லைசின் தூளாகவே வாங்கிப் போடுகிறோம், புரதத்தைக் குறைத்துக்கொள்கிறோம். செலவு குறைகிறது, எச்சத்தில் நைட்ரஜனும் குறைகிறது. நல்லதுதான். ஆனால் அந்த உபரி டிரிப்டோபான் போய்விட்டது. அதனால் வைட்டமின் கலவையில் நியாசினைக் கணக்காகப் போட்டே ஆக வேண்டும். மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 24 மில்லிகிராம் நியாசின் என்று அட்டவணையில் இருக்கும். அதை நம்பக் கூடாது. பெரும்பகுதி மாவுப் பொருளோடு பிணைந்து கிடக்கிறது, பறவையின் குடலால் பிரித்தெடுக்க முடிவதில்லை.

பழைய_ஏடுகள் எழுதியது:

பிணைந்து கிடக்கும் நியாசின் என்றதும் பெல்லாக்ரா வரலாறு நினைவுக்கு வருகிறது. அமினோ அமிலத்திலிருந்து வைட்டமின் வரும் என்று மனிதன் தெரிந்துகொண்டதே அந்த நோயால்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் பருத்திக்காட்டு ஏழைகள் மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு என்று வாழ்ந்தார்கள். வெயில் படும் இடமெல்லாம் தோல் கருகி உரியும், வயிற்றுப்போக்கு, பிறகு புத்தி பேதலிப்பு, கடைசியில் சாவு. தொற்று நோய் என்றே பலரும் நம்பினார்கள். 1914-இல் அரசு மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கரை அனுப்பினார்கள். அனாதை இல்லங்களிலும் மனநல விடுதிகளிலும் தங்கியிருப்பவர்களுக்குத்தான் வருகிறது, கூடவே இருக்கும் ஊழியர்களுக்கு வருவதில்லை என்று அவர் கவனித்தார். பாலும் இறைச்சியும் சேர்த்தால் நோய் நின்றது. 1915-இல் மிசிசிப்பி சிறைப் பண்ணையில், தண்டனை ரத்து என்ற வாக்குறுதியோடு முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளம் சார்ந்த உணவு மட்டும் கொடுத்து நோயை வரவழைத்துக் காட்டினார். கைதிகளிடம் இப்படிச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. ஆனால் தொற்று இல்லை, உணவுதான் என்பது அதில் உறுதியானது.

1922-இலேயே அவர் ஏதோ ஓர் அமினோ அமிலக் குறைவு என்று சந்தேகித்து எழுதிவிட்டார். 1927-இல் மிசிசிப்பி வெள்ளம் வந்தபோது பெல்லாக்ராவைத் தடுக்க மக்களுக்குக் கொடுத்தது ப்ரூவர்ஸ் ஈஸ்ட். வாத்துக்குஞ்சுக்குத் தம்பி சொன்ன அதே பொருள். கோல்ட்பெர்கர் 1929-இல் இறந்தார். 1937-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலாளர் எல்வஹெமின் குழு, பெல்லாக்ராவைப் போல நாய்களுக்கு வரும் கருநாக்கு நோயை நிகோடினிக் அமிலம் குணமாக்குகிறது என்று காட்டியது. அதுதான் நியாசின்.

சரி, அத்தோடு முடிந்ததா? இல்லை. பாலில் நியாசின் மிகக் குறைவு. முட்டையிலும் அப்படித்தான். ஆனால் இரண்டுமே பெல்லாக்ராவைத் தடுக்கின்றன. 1945-இல் அதே எல்வஹெம் ஆய்வகத்தில் மக்காச்சோளம் தின்று வளர்ச்சி நின்றுபோன எலிகளுக்கு நியாசினுக்குப் பதிலாக டிரிப்டோபான் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் வளர்ந்தன. பாலும் முட்டையும் நோயைத் தடுத்த காரணம் அப்போது தெரிந்தது.

மெக்சிகோ பக்கத்துப் பழங்குடிகளோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்காச்சோளத்தையே தின்று இந்த நோயில்லாமல் வாழ்ந்தார்கள். அவர்கள் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைப்பார்கள். பிணைந்த நியாசின் விடுபட்டுவிடும். தானியம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது, சுண்ணாம்பு வழக்கம் கூடப் போகவில்லை.

தக்காணத்தில்_தமிழன் எழுதியது:

இங்கே ஹைதராபாத்தில் இருக்கிறேன். பெல்லாக்ரா என்றால் எல்லோரும் மக்காச்சோளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தக்காணப் பீடபூமியில் அது சோளத்தால் வந்தது. ஜொன்னா, ஜோவார் என்கிறார்களே, நம் வெள்ளைச் சோளம். சோளத்தில் டிரிப்டோபான் மக்காச்சோளம் அளவுக்கு மோசமில்லை. அப்படியும் சோளமே முழு உணவாக இருந்த ஏழைகளுக்கு நோய் வந்தது.

இங்குள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் டாக்டர் சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960-இல் ஒரு விடை சொன்னார்கள். சோளப் புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். அந்த லூசின் டிரிப்டோபான் நியாசினாகும் வழியைக் குலைக்கிறது என்றார்கள். நாய்களுக்குக் கூடுதல் லூசின் கொடுத்து கருநாக்கு வந்ததையும் காட்டினார்கள். கோபாலன் சேலத்தில் பிறந்தவர். அந்த நிறுவனமே 1918-இல் குன்னூரில் பிரிட்டிஷ் மருத்துவர் மெக்காரிசன் தொடங்கிய, பெரிபெரி என்ற பி1 குறைபாட்டு நோய்க்கான சிறு ஆய்வுப் பிரிவிலிருந்து வளர்ந்தது, 1958-இல்தான் ஹைதராபாத் வந்தது. இதை நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிப் புத்தகத்தில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

உயிர்வேதி_ஆசிரியர் எழுதியது:

கோபாலன் பெயரை எடுத்ததற்கு நன்றி. ஆனால் லூசின் கருத்து இன்றும் முடிந்துபோன விஷயமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற ஆய்வகங்களில் எலியிலும் மனிதனிலும் செய்து பார்த்தபோது எல்லா இடத்திலும் அதே விளைவு வரவில்லை. ஹைதராபாத்திலேயே பின்னர் பி6 கூடுதலாகக் கொடுத்தபோது லூசினின் தாக்கம் குறைந்ததைப் பார்த்தார்கள். என் எண்ணம்: நியாசின், டிரிப்டோபான், பி2, பி6 எல்லாமே விளிம்பில் இருக்கும் ஏழை உணவில்தான் லூசின் கடைசித் தள்ளு தள்ளுகிறது. பாலும் பருப்பும் சாப்பிடுகிறவர் சோளதோசை தின்பதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இயற்கைப்_பண்ணை எழுதியது:

இவ்வளவு வேதியியல் எதற்கு என்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். டிரிப்டோபான் போதவில்லை என்றால் புரதத்தை ஏற்றுங்கள். கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள் தாராளமாகப் போடுங்கள். கடையில் விற்கும் வைட்டமின் தூளுக்கு ஏன் அலைய வேண்டும்? எங்கள் தாத்தா காலத்தில் வாத்துக்கு யார் நியாசின் கொடுத்தார்கள்?

கால்நடை_இறுதியாண்டு எழுதியது:

ஐயா, தாத்தா காலத்து வாத்து அறுவடை முடிந்த வயலில் மேய்ந்தது. நத்தை, புழு, தவளைக்குஞ்சு, சிந்திய நெல் எல்லாம் தின்றது. அதில் நியாசின் நியாசினாகவே கிடைத்தது. இன்றும் மேய்ச்சல் வாத்துக்கூட்டத்தில் இந்தக் கால் பிரச்சினையைக் காண்பது அரிது. கொட்டகையில் அடைத்துத் தீவனம் போடும்போதுதான் வருகிறது.

கருவாட்டுத் தூள் நல்ல யோசனை, மீனில் நேரடி நியாசினும் இருக்கிறது. உப்பை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், குஞ்சுக்கு உப்பு கூடினால் ஆபத்து. கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை இருந்தால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு வரும். கால்நடைப் பறவைகளில் வாத்துக்குஞ்சு அளவுக்கு அதற்குப் பலியாவது வேறில்லை. பழைய புண்ணாக்கை வாத்துக்குஞ்சின் பக்கமே கொண்டு போகாதீர்கள், தயவுசெய்து.

புரதத்தை ஏற்றி நியாசினைப் பிடிப்பது வாத்தில் நடக்காது. சார் சொன்ன அகல மதகு இருக்கிறதே. 35-க்கும் 55-க்கும் நடுவே உள்ள, கிலோவுக்கு 20 மில்லிகிராம் நியாசின் இடைவெளியை நிரப்ப எவ்வளவு உபரி டிரிப்டோபான் வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். மனிதனின் 60-க்கு 1 கணக்கிலேயே 1200 மில்லிகிராம் வரும். வாத்தில் அதற்கும் மேல் பல மடங்கு. தீவனத்தில் மொத்த டிரிப்டோபானே 2000 மில்லிகிராம்தான். அத்தனை புரதத்தையும் ஏற்றினால் மிச்சமான அமினோ அமிலமெல்லாம் எரிந்து யூரிக் அமிலமாகித் தரையை ஈரமாக்கும், அம்மோனியா வாடை கண்ணைக் கரிக்கும். வைட்டமின் தூளோ சில ரூபாயில் முடிகிற காரியம்.

வயல்வாத்து எழுதியது:

மருந்தகத்தில் காட்டிவிட்டேன். நியாசின்தான் என்று சொல்லித் தண்ணீரில் கலக்கக் கொடுத்தார்கள். லேசாகச் சாய்ந்து நடந்த குஞ்சுகள் இப்போது ஓடுகின்றன. ரொம்பவும் வளைந்துபோன ஒன்று அப்படியேதான் இருக்கிறது, தனியாக வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். குருணையை நிறுத்திவிட்டேன். தீவனக்கலவை அண்ணனுக்கு ஒரு கேள்வி: மெத்தியோனின் தூள் போடுகிறோமே, அதிலிருந்தும் ஏதாவது சத்து உருவாகுமா?

தீவனக்_கலவை எழுதியது:

உருவாகும். மெத்தியோனின் தன் மெத்தில் தொகுதியைக் கொடுத்துக் கோலின் என்ற வைட்டமின் போன்ற சத்து உருவாக உதவும். அதனால் கோலின் குறைந்தால் மெத்தியோனின் அந்தப் பக்கம் இழுபடும். ஆனால் இளங்குஞ்சால் போதிய கோலினைச் செய்துகொள்ள முடியாது, வளர்ந்த முட்டைக்கோழிக்கு அந்தத் திறன் கூடுகிறது. அதனால் ஸ்டார்ட்டரில் கோலின் குளோரைடைக் குறைத்து மெத்தியோனினால் ஈடுகட்டப் பார்ப்பது தவறான சிக்கனம். மலிவான கோலின் செய்யும் வேலைக்கு விலை கூடிய மெத்தியோனினை எரிப்பானேன்?

பூனைவீடு எழுதியது:

மேலே பூனையைப் பற்றி ஒரு வரி வந்ததும் பகீர் என்றது. எங்கள் வீட்டுப் பூனைக்குப் பால்சோறு, தயிர்சோறு, எப்போதாவது வேகவைத்த மீன். நாங்கள் சைவம் என்பதால் அதையும் சைவமாகவே பழக்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு. பாலில்தான் டிரிப்டோபான் இருக்கிறதே, போதாதா?

உயிர்வேதி_ஆசிரியர் எழுதியது:

அக்கா, வேண்டாம். பூனையின் உடம்பு இறைச்சியை நம்பியே அமைந்தது. எலி, பறவை தின்றால் நியாசின் நேராகவே கிடைத்துவிடும், அதைச் செய்யும் வழியை அது ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. மனிதனுக்குப் பால் பெல்லாக்ராவைத் தடுக்கும், பூனைக்குத் தடுக்காது.

டாரின் என்ற அமினோ அமிலமும் அப்படித்தான். நாயும் மனிதனும் மெத்தியோனின், சிஸ்டீன் ஆகியவற்றிலிருந்து டாரின் செய்துகொள்ள முடியும். பூனையில் அதற்கான நொதிகள் மிகவும் சோம்பல். போதாததற்கு, பித்த அமிலத்தோடு சேர்க்க டாரினை மட்டுமே பயன்படுத்தி, தினமும் கொஞ்சம் இழக்கிறது. டாரின் குறைந்தால் விழித்திரை கெடும் என்று 1975-இல் தெரிந்தது. 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில், இதயம் வீங்கித் தளரும் நோய்க்கும் அதுவே காரணம் என்று கண்டார்கள். அந்தப் பூனைகளில் பல, கடையில் விற்ற பூனை உணவையே தின்றவை. அதற்குப் பிறகுதான் உற்பத்தியாளர்கள் டாரினைக் கூட்டினார்கள்.

அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இன்னும் அவசரம். அர்ஜினின் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு கொடுத்த சில மணி நேரத்தில் பூனையின் இரத்தத்தில் அம்மோனியா ஏறி வாந்தியும் இழுப்பும் வந்ததை 1978-இல் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டு உணவில் அர்ஜினின் அறவே இல்லாமல் போகாது. டாரின்தான் உங்கள் கவலையாக இருக்க வேண்டும், செடி உணவில் அது இல்லை என்றே சொல்லலாம்.

மீனும் கோழியும் தினம் கொடுங்கள். கோழியின் இதயமும் தொடைக்கறியும் டாரின் நிறைந்தவை. வேகவைத்தால் தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் பிசைந்து கொடுங்கள். வீட்டில் அசைவம் சமைக்க முடியாது என்றால், டாரின் சேர்த்ததென்று அச்சிட்ட பூனை உணவு வாங்குங்கள். நாய் உணவு போதாது. இதுவரை இப்படியே வளர்ந்திருப்பதால் ஒருமுறை மருத்துவரிடம் கண்ணையும் இதயத்தையும் காட்டிவிடுங்கள். இதயம் டாரின் கொடுத்தால் பெரும்பாலும் தேறும், விழித்திரை போனது போனதுதான். அதனால் தள்ளிப் போடாதீர்கள்.